கட்டைமேல் நின்ற கார்

நான்கு வருடங்களுக்கு முன், மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரிடம் பழைய எஸ்டேட் கார் ஒன்றை வாங்கினேன். பின்பக்கம் ஒரு ஆள் தாராளமாகப் படுக்கலாம். போர்ட் பிளேரின் எந்த மேட்டிலும் சீறிக்கொண்டு ஏறும். டயர் மட்டும் கப்பலில்தான் வர வேண்டும். ஓட்டாத நாட்களில் டயர் கெடாமலிருக்க, சக்கரங்களைக் கழற்றி, கொட்டகைக்குள் காரைக் கட்டைகள்மேல் நிறுத்தியிருப்பேன். கேலி செய்வார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு மதியம் பக்கத்து வீட்டுக் கடைக்காரர் கபீர் ஓடிவந்தார்.

"அண்ணே, என் சம்சாரத்துக்குப் பிரசவ வலி வந்துடுச்சு, ரத்தமாப் போகுது. ஜல்தி வண்டிய எடுங்க!"

"நீங்க போய் ரெடி பண்ணுங்க, வர்றேன்."

சக்கரம் இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, நான்கையும் தனியாக மாட்டினேன். முக்கால் மணி நேரமாயிற்று. நடுவில் கபீர் கதவைத் தட்டினார்.

"இன்ஜின் மக்கர் பண்ணுது" என்றேன்.

"வேற ஜீப் பாக்கட்டுமாண்ணே?"

"வேணாம், இதோ ஆச்சு."

பிறகு கார் பறந்தது. ஐந்தே நிமிடத்தில் ஆஸ்பத்திரி. தாய் பிழைத்தாள்.

"அரை மணி முன்னால வந்திருந்தா குழந்தையும் பிழைச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

கபீர் அழுதுகொண்டே என் கையைப் பிடித்தார். "இன்ஜின் மக்கர் பண்ணினா நீங்க என்னண்ணே செய்வீங்க? அப்புறம் எப்படிப் பறந்து வந்தீங்க!"

அதன்பின் சக்கரங்களைக் கழற்றியதே இல்லை. இன்றும் என்னைப் பார்த்தால் கபீர் கூப்பிட்டு டீ கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைக்கிறேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.