ரேடியோ அக்கா வாயை மூடிய காலம்

அந்தச் சலவைக்கடையில் அவளுக்குப் பெயர் ரேடியோ. வைத்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தம்பிதான். காலையில் கடைக்குள் கால் வைத்ததும் தொடங்குகிற பேச்சு சாயங்காலம் ஷட்டரை இறக்கும்போதுதான் ஓயும். எந்த வீட்டில் சண்டை, எந்த மாப்பிள்ளை கல்யாண உடுப்பை இரவல் வாங்கினான், எவன் தொப்பை போட்டுவிட்டுக் கால்சட்டை சுருங்கிப்போச்சு என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றான், எல்லாம் அவள் வாயில் இலவசமாகக் கிடைக்கும். அவள் சொன்ன கதையின் முடிவு தெரியாமல் போக மனமில்லாமல், துணியை வாங்கிக்கொண்ட பிறகும் நின்று கேட்கிறவர்கள் உண்டு.

அப்பேர்ப்பட்ட வாய்க்கும் ஒரு விஷயத்தில் தையல் போட்டிருந்தது. வருகிற துணிகளின் பைகளில் என்ன கிடைத்தாலும் அதை ஒரு காகித உறையில் போட்டு, ஒட்டி, அதே துணியில் ஊக்கால் குத்திவிட வேண்டும். மோதிரமாக இருக்கட்டும், வேறொருத்தியின் புகைப்படமாக இருக்கட்டும், அது என்ன என்று கேட்கக் கூடாது, பார்த்ததை மூச்சு விடக் கூடாது. இது முதலாளியின் சட்டம். இத்தனை வருஷத்தில் அவள் அதை மீறியது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையில்தான் தம்பி ஜெயிலுக்குப் போனான்.

அவன் போனதிலிருந்து ரேடியோ பாடவில்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அவள் குட்டி போட்ட பூனை மாதிரி மேசைக்கும் ஜன்னலுக்கும் நடப்பாள். மடித்து வைத்த சட்டையைப் பிரித்து மறுபடி இஸ்திரி போடுவாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டாள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான். அவனோ, தான் கட்டிக்கொள்ள இருந்த மருந்துக்கடைப் பெண்ணைக்கூட இனி வராதே என்று அனுப்பிவிட்டான். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமும் ஆகிவிட்டது. அவள் வாழ்க்கை வீணாகக் கூடாது என்று நினைத்தானே, தம்பிக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ரேடியோ அதையும் சேர்த்து அழுதாள்.

நடந்தது இதுதான். சென்ட்காரர் என்று ஒரு வாடிக்கையாளர். என்ன தொழில் செய்தாரோ தெரியாது, கார் தெருவில் திரும்பும்போதே வாசனை கடைக்குள் வந்துவிடும். ஒரு நாள் அவருடைய கறுப்புக் கோட்டு இஸ்திரி மேசைக்கு வந்தது. கீழ் விளிம்பில் இஸ்திரிப் பெட்டி எதிலோ தட்டி நின்றது. பையில் இருந்திருந்தால் உறையில் போட்டு ஊக்குக் குத்தியிருப்பாள், கதை அங்கேயே முடிந்திருக்கும். இதை யாரோ உள்துணிக்குள் வைத்து அவசரக் கைத்தையல் போட்டிருந்தார்கள். பிரித்துப் பார்த்தாள். தட்டையான பொட்டலங்கள், வெள்ளைத் தூள். அது என்ன என்று தெரியாத அளவுக்கு அவள் ஒன்றும் பச்சைக்குழந்தை இல்லை. அடுத்த சந்தில் ஒரு வீட்டுப் பிள்ளை அந்தத் தூளால்தான் செத்துப்போனான். அவன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டவளும் இவள்தான்.

கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்ததால் கருநீல நூலில் திரும்பத் தைத்து வைத்தாள். மனசு கேட்கவில்லை. தன் உடுப்பை வாங்க வந்த போலீஸ் அதிகாரியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டாள்.

"சார், அந்த சென்ட்காரர் கோட்டுக்குள்ள போதைத்தூள் இருக்கு. நாளைக்கு வாங்க வருவாரு."

"நல்ல காரியம் பண்ணீங்க. நாளைக்கு நாங்க எதிர்ல நிப்போம். நீங்க மட்டும் முன்பக்கம் வந்துடாதீங்க. உங்க மேல சந்தேகம் வரக்கூடாது" என்றார் அவர்.

மறுநாள் அவள் பின்னறையில் நீராவிக்கு நடுவே நின்றிருந்தாள். முன்னால் தம்பியின் குரல் கேட்டது.

"என்ன முதலாளி, ரேடியோ இல்லையா? சத்தத்தையே காணோம்."

"உள்ள வேலையா இருக்கா. உனக்கு என்ன வேணும்?"

அதற்குமேல் நீராவிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுச் சாவிக்கு வந்திருப்பான், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஓர் எட்டு வைத்து எட்டிப் பார்த்திருந்தால் போதும். பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்டு ஓரிடத்தில் நிற்காதவள், அன்றைக்கென்று பார்த்து சொன்ன பேச்சைக் கேட்டாள்.

தம்பி வாடகைக்கார் ஓட்டுகிறவன். அன்று அவன் காரில் ஏறியவர் சென்ட்காரர். "உங்க அக்கா வேலை பாக்கிற கடைதானே தம்பி, என் கோட்டைக் கொஞ்சம் வாங்கிட்டு வந்துடு" என்று கடைச் சீட்டை நீட்டிவிட்டுத் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டார். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கியவனை நான்கு பேர் தரையோடு அமுக்கினார்கள். சென்ட்காரர் வந்த வழியே நடந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவர் வாசனையே இல்லை.

ரேடியோ ஸ்டேஷனுக்கு ஓடினாள். "அவன் என் தம்பி சார். அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். அதிகாரி அவளை ஓரமாகக் கூட்டிப்போனார். "இப்ப வாயத் திறந்தீங்கன்னா அந்த ஆள் உங்க ரெண்டு பேரையும் சும்மா விடமாட்டான். பேசாம இருங்க. கேஸ் நிக்காது, நான் பாத்துக்கறேன்."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், தன் பதவி உயர்வை. இந்த இளைஞன் போதைப்பொருள் கடத்துவதாக நம்பகமான ரகசியத் தகவல் வந்தது என்று சாட்சிக்கூண்டில் ஏறி அடித்துச் சொன்னார். சொன்னது யார் என்று கேட்டதற்கு வெளியிட முடியாது என்றார். நீதிபதியும் வேண்டியதில்லை என்றுவிட்டார். கோட்டு யாருடையது என்று கேட்டபோது முதலாளிக்கு ஞாபகமே இல்லாமல் போய்விட்டது. அவருக்கும் குடும்பம் இருந்தது. தம்பிக்குப் பத்து வருஷம். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ரேடியோவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சென்ட்காரரிடம் இருந்த பயம் சீக்கிரமே போய்விட்டது. தம்பியிடம் வந்த பயம் போகவில்லை. நீதான் பிடித்துக் கொடுத்தாயா என்று அவன் கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது?

மேல்முறையீட்டுக்குப் புது வக்கீலம்மா கிடைத்தார். குறுகலான மாடிப்படி, மேலே ஒற்றை அறை, காற்றாடி சுற்றும்போதெல்லாம் சத்தம் போடும். ரேடியோ அங்கேயும் உட்காரவில்லை.

"உக்காருங்களேன். நீங்க நடக்கறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றார் வக்கீலம்மா. பிறகு வழக்குக் காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "கோட்டு உங்க தம்பி கையில இருந்துச்சு, அதை மறுக்க முடியாது. அது வேற ஆளோடது, உள்ள இருந்தது அவனுக்குத் தெரியாதுன்னு நாம சொன்னா எடுபடாது. அது யாரோட கோட்டு, உள்ள எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான். போலீசுக்குத் தகவல் சொன்ன ஆள். அவரைக் கூப்பிட்டு விசாரிக்கணும்னு மனு போடலாம். ஆனா ஆள் யாருன்னே தெரியல. எந்தப் பாவி எங்க இருக்கானோ."

"பாவி இங்கதான் நிக்கறா, மேடம்" என்றாள் ரேடியோ.

அப்புறம் நிற்கவில்லை. கோட்டு, தையல், தூள், அதிகாரி, நீராவி, தம்பியின் குரல் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. சொன்னதையே மறுபடி சொன்னாள். வக்கீலம்மா குறுக்கே பேசவில்லை. அவர் முன்னால் இருந்த தேநீரில் ஆடை படிந்தது.

"நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் கடைசியில். "பொட்டலத்தை வெச்சதே நீங்கதான்னு அரசு வக்கீல் திருப்புவாரு. அவன் வெளிய வந்து நீங்க உள்ள போற நிலைமைகூட வரலாம். நல்லா யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தான் மேடம் அவன் இத்தனை நாள் உள்ள கிடக்கான்."

"அப்ப முதல்ல அவன்கிட்ட சொல்லிடுங்க. கோர்ட்ல வெச்சு அவன் இதைக் கேக்கக் கூடாது."

ஜெயிலில் பார்க்கப் போகிறவர்களுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் நடுவே இரட்டைக் கம்பிவலை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். வாழ்நாள் முழுக்க ஊருக்கே கேட்கும்படி பேசியவள், இதை எப்படிக் கத்துவது என்று தெரியாமல் திண்டாடினாள். வலையில் முகத்தை ஒட்டிச் சொன்னாள். தம்பி காதைத் திருப்பிக் கேட்டான். கேட்டு முடித்தும் முகத்தை நேரே திருப்பவில்லை.

"திட்டுடா" என்றாள். "ரெண்டு வார்த்தை திட்டிடு."

"மருந்துக்கடைக்காரிய நான் ஏன் வேணாம்னேன் தெரியுமா?" என்றான் அவன். "கோட்டு வாங்கப் போறேன்னு அவகிட்ட மட்டும்தான் போன்ல சொல்லியிருந்தேன். வேற யாருக்கும் தெரியாது. அவதான் போலீசுக்குச் சொன்னான்னு நினைச்சுட்டேன். இப்ப நீ நிக்கற இடத்துலதான் நின்னா. காட்டிக்கொடுத்தவ மூஞ்சிய இனிமே காட்டாதேன்னு சொன்னேன். அவ அழக்கூட இல்லக்கா. என்னையே பாத்துட்டுப் போயிட்டா."

ரேடியோ கம்பிவலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வாரா வாரம் வந்தியே. ஒரு வாரம் சொல்லியிருக்கலாமே" என்றான். நேரம் முடிவதற்கு முன்பே வலையை விட்டு விலகிக்கொண்டான். "கோர்ட்ல வந்து சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

சொன்னாள். மேல் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள். தகவல் சொன்னவரே முன்வந்ததால் விசாரிக்கலாம் என்று அனுமதித்தார்கள். வக்கீலம்மா எச்சரித்தபடியே அரசு வக்கீல் பாய்ந்தார். பிரித்ததும் நீங்கள், தைத்ததும் நீங்கள், அப்படியானால் உள்ளே வைத்தது மட்டும் வேறு ஒருவரா என்றார். நான் வைத்திருந்தால் போலீசிடம் நானே போய் ஏன் சொல்ல வேண்டும் ஐயா என்று கேட்டாள். கீழ்க்கோர்ட்டிலிருந்து கோட்டை எடுத்து வந்தார்கள். போலீஸ் வெட்டிய இடத்தை ஒட்டிக் கருநீல நூல் இருந்தது. அது ஒன்றே அவளை உள்ளே தள்ளவும் போதும், அவனை வெளியே கொண்டுவரவும் போதும். அதிகாரியைத் திரும்பக் கூண்டில் ஏற்றினார்கள். தகவலில் இந்த இளைஞனின் பெயர் இருந்ததா என்று ஒரு நீதிபதி கேட்டார். அவர் சுற்றி வளைத்துப் பார்த்தார். மறுபடி கேட்டார்கள். கோட்டைப் பற்றித்தான் சொன்னார்கள், அது சென்ட்காரர் என்பவருடையது என்றுதான் சொன்னார்கள் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

"இவ்வளவு நாள் ஏம்மா சொல்லல?" என்று அதே நீதிபதி அவளைக் கேட்டார்.

"என் தம்பி என்னைய வெறுத்துடுவான்னு பயந்தேன் ஐயா."

தண்டனை ரத்தானது. அவள் மேல் நடவடிக்கை இல்லை. தம்பி வீட்டுக்கு வந்தான். மறுபடி கார் ஓட்டுகிறான். தட்டில் போட்டதைக் குறை சொல்லாமல் சாப்பிடுகிறான். அவளை ரேடியோ என்று கூப்பிடுவதில்லை, அக்கா என்கிறான். மருந்துக்கடைத் தெரு வழியாக மட்டும் வண்டியை எடுப்பதில்லை. ஒரு நாள்கூட அவன் அவளைத் திட்டவில்லை, அவள் அதற்காகவே காத்துக்கொண்டு அறைக்கும் வாசலுக்கும் நடக்கிறாள்.

அவன் துணிகளையும் அவள்தான் துவைக்கிறாள். அழுக்குக் கூடையில் போடுவதற்கு முன்னால் சட்டைப் பை, கால்சட்டைப் பைகள் எல்லாவற்றையும் அவன் வெளியே இழுத்துவிட்டுப் போடுகிறான். முன்பெல்லாம் இப்படிச் செய்ய மாட்டான். சில்லறை, சீப்பு, கசங்கிய சீட்டு எல்லாம் அவள்தான் எடுத்து வைப்பாள். இப்போது ஒவ்வொரு பையும் காலியாக வெளியே தொங்குகிறது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "எதுக்குடா இதெல்லாம்?"

"உனக்கு வேலை மிச்சம்தானே அக்கா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவள் பைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவிட்டு, துணிகளைத் தண்ணீரில் போட்டாள்.