கைவைக்கக் கூடாத முதல்

பேர்பெச்சுவாவின் கணவர் யூட்டுக்கு அறுபது வயதாகும் முன்பே மறதி நோய் வந்துவிட்டது. இலங்கையின் மன்னாரிலிருந்து அகதியாக வந்து, ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் மாடாய் உழைத்த மனிதர். முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு ஜெர்மன் மொழி போயிற்று.

அந்த ஊர்ச் சேமிப்பு வங்கி தன் லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி ஓர் அறக்கட்டளை வைத்திருந்தது. ஒதுக்கிய பணம் முதலீட்டில் கிடக்கும். அதில் வரும் வருமானத்தில் தர்மம் நடக்கும். மறதி நோயாளருக்கான பகல் இல்லம் அந்தத் தர்மத்தில்தான் ஓடியது. யூட்டை அங்கே விட்டுவிட்டுத்தான் பேர்பெச்சுவா ஒரு விடுதிச் சமையலறைக்கு வேலைக்குப் போவாள்.

பங்குச்சந்தை விழுந்ததற்கு அடுத்த வருடம், 2009-இல், வருமானம் வற்றியது. இல்லத்தை மூடப்போகிறோம் என்றார்கள். அவள் அறக்கட்டளை அலுவலகத்துக்கே போனாள். அதிகாரி நல்ல மனிதர், காப்பி கூடக் கொடுத்தார். முதலாகப் போட்ட பணம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அதில் கைவைக்கச் சட்டம் விடாது என்றார்.

"எங்கள் ஊரில் புயலடித்த வருடம் கோயில் சுவாமியார், புனித அந்தோனியாரின் உண்டியலை உடைத்துத்தான் கஞ்சி ஊற்றினார்" என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னாள். "அந்தோனியார் கோபிக்கவில்லை."

அதிகாரி தலை குனிந்தபடி விளக்கினார். நூறு வருடம் கழித்து வரப்போகும் நோயாளிக்கும் பணம் இருக்க வேண்டுமாம். இன்றைக்கு இருக்கிற நோயாளிக்குத்தான் இல்லை. நல்ல தர்மம்!

வேலையை விட்டால் வீட்டு வாடகை இல்லை. விடாவிட்டால் யூட்டுக்குத் துணை இல்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"கதவைப் பூட்டிப்போட்டு வாங்கோ அக்கா" என்றாள் கூட வேலை செய்யும் சிசிலி.

"ஏலாது பிள்ளை. அவரை ஊரிலை ஆமிக்காரர் ஆறு மாசம் பூட்டி வைச்சிருந்தவங்கள்."

"வேற என்ன வழி இருக்கு, சொல்லுங்கோ?"

இல்லம் மூடிய மறுநாள் பேர்பெச்சுவா சோற்றை மேசையில் வைத்து, வெளியே வந்து பூட்டினாள். உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் பேருந்தைப் பிடிக்க நடந்தாள்.

மாலையில் வந்து திறந்தாள். சோறு அப்படியே இருந்தது. யூட் சுவரோடு ஒட்டி, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். அவளை நிமிர்ந்து பார்க்கப் பயந்தார்.

"சேர், நான் ஒண்டும் செய்யேல்லை. என்ரை மனுசி தனிய இருக்கிறா. அவவிட்டைப் போக விடுங்கோ."