கோழிக்கூரையில் அகப்பட்ட விண்தூசி

என் கணவருக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை. நான் கல்லூரியில் ஜியாலஜி வகுப்பு எடுக்கிறேன். விண்வெளித் தூசி அன்றாடம் பூமியில் விழுகிறது என்று படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டறையை ஒட்டினாற்போல் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடியைக் கூட்டி, அந்தத் தூசியில் இரும்பு இருக்கும் என்பதால் குப்பையில் காந்தத்தை ஓட்டினேன். நுண்ணோக்கியில் பார்த்தால் கறுப்புக் கறுப்பாய் உருண்டைகள், அத்தனை! விண்தூசி கிடைத்துவிட்டதென்று துறை முழுக்கச் சொல்லிவிட்டேன். சரியான அவசரக்குடுக்கை நான்.

வெளியூர் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. இரும்பும் மாங்கனீசும்தான். அவ்வளவும் பட்டறையில் தெறித்த வெல்டிங் பொறி.

"நட்சத்திரம் உங்கூட்டுக்காரரு பட்டறையிலதான் வெடிச்சுதுங்களா?" என்றார் துறைத்தலைவர். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. மானம் போயிற்று. நிஜமான துகள் ஒன்றையாவது அவர் மேசையில் வைக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம் பிடித்துக்கொண்டேன்.

வெண்ணந்தூர்ப் பக்கம், பட்டறை வாடையே இல்லாத இடத்தில் என் அண்ணனின் கோழிப்பண்ணை இருக்கிறது. கோழிக்கு நோய் ஒட்டாதிருக்க வாசலில் வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை முக்கிவிட்டு ஏணி கேட்டேன்.

"கூரை மேல என்னத்த சாமி தேடற?"

"வானத்துல இருந்து உழுந்ததுங்கண்ணா."

"காக்கா எச்சந்தான் கெடக்கும், போய்ப் பாரு."

மழைநீர் வடியும் தகரத்திலிருந்து சேற்றை வாளி வாளியாய் அள்ளி, அலசி, காயவைத்துச் சலித்தேன். வாரக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்த்துக் கண் எரிந்த பிறகு, கசகசாவைவிடச் சிறிய ஓர் உருண்டை அகப்பட்டது. மேலெல்லாம் கோடு கோடாய்ப் பட்டைகள்.

"ஒலிவின் கனிமம்னு நெனைக்கிறனுங்க" என்று துறைத்தலைவரிடம் காட்டினேன்.

"அது நம்ம சேலத்து மலையிலயே கெடக்குதுங்களே. காத்துல வந்திருக்கும்."

அன்றைக்கே அதை ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

முடிவு வந்தது. அடி சக்கை! உருகிச் சட்டென்று உறைந்த ஒலிவின் பட்டைகள், நடுவே கண்ணாடி, மேக்னடைட் என்னும் காந்தக் கனிமம், ஓரத்தில் விண்கற்களில் காணும் நிக்கல் கலந்த இரும்பு மணி ஒன்று. பூமிக்கடியில் மெதுவாய் விளைந்த சேலத்துக் கல்லில் இந்தச் சேர்க்கை கிடையாது. மக்னீசியம், சிலிக்கான், இரும்பு மூன்றின் அளவும் பழமையான விண்கற்களோடு ஒத்துப்போயிற்று. சூரியன் பிறந்த காலத்துச் சரக்கு, என் அண்ணனின் கோழிக்கூரையில்!

அறிக்கையைத் துறைத்தலைவர் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மேடம், எங்கூட்டு மொட்டைமாடியையும் கூட்டிப் பாக்கலாமுங்களா?"

ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "பாக்கலாமுங்க சார். பக்கத்துல பட்டறை ஏதும் இல்லீங்களே?"