மூன்றாம் பாடத்துக் கேள்வி

சென்னையில் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படித்தபோது, மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்கச் சேர்ந்தேன். மூன்றே மாதம்தான். அதற்குள் காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்க, மகள் பிரெஞ்சு பேசுகிறாள் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஓர் அமாவாசையன்று ஊருக்கு வந்திருந்தேன். அமாவாசையில் நாங்கள் தறியில் உட்கார மாட்டோம். கோயில் பார்க்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி, ஓடாத தறியை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். அம்மா உள்ளே அழைத்து, ரேஷன் சர்க்கரையில் காபி போட்டுக் கொடுத்தாள்.

"புள்ளைங்க எத்தினினு கேளுமா."

மூன்றாம் பாடத்தில் இருந்த கேள்விதான். பிசகாமல் கேட்டேன். அவர் தறியைப் பார்த்தபடி நெடுநேரம் பதில் சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வாசலில் அக்கம்பக்கத்தார் வேறு கூடிவிட்டார்கள்.

"இன்னா சொல்லுது அந்தம்மா?"

"ரெண்டு பொண்ணுங்களாம்மா. படிக்குதுங்களாம்" என்று அளந்துவிட்டேன்.

அம்மா பெட்டியைத் திறந்தாள். எனக்கென்று வைத்திருந்த பட்டில் இரண்டு பாவாடைக்கு வெட்டி, வெற்றிலை பாக்கோடு நீட்டினாள். அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைக் கட்டிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா, தெரியவில்லை.

முதல் பாடத்திலேயே 'எனக்குப் புரியவில்லை' என்றொரு வாக்கியம் இருந்தது. அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் என்னதான் சொல்லியிருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அம்மா தீபாவளிக்குத் தீபாவளி கேட்கிறாள்: "அந்தப் பொண்ணுங்க இப்ப எவ்ளோ வளந்திருக்கும்?"

போன வருடம் என் தோள்வரை கையை உயர்த்திக் காட்டினேன்.