துருத்தண்ணீரில் அணைந்த நீலம்

சீனி கருகும் மணம் எங்கிருந்து வந்தாலும், இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை என் முன்னே வந்து நின்றுவிடும். ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குப்பிகள் கழுவும் வேலை எனக்கு.

அங்கே தமிழ்நாட்டு ஆராய்ச்சி மாணவி ஒருத்தி சீனித் தண்ணீரை மைக்ரோவேவில் கருக்கிக்கொண்டேயிருப்பாள். "சர்க்கரையைத் தீய விடவா கனடா போனேன்னு அம்மா கேக்குறாங்கண்ணா" என்று சிரிப்பாள். அந்தக் கருகலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கரித்துகள்கள். புற ஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். நீரில் இரும்பு கலந்திருந்தால் அணைந்துவிடும். இரும்பு இருக்கிறது என்பதற்கு அந்த இருட்டே சாட்சி. அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பேராசிரியருக்கு அதைக் காட்ட வேண்டும். சோதனை பிழைத்துப்போனால் ஆய்வு அவள் கையைவிட்டுப் போய்விடும்.

பத்தரைக்கு விளக்கைப் போட்டாள். பன்னிரண்டு குப்பிகளும் இருட்டு. சுத்தமான நீர் ஊற்றியவைகூட.

எனக்குச் சட்டென்று விளங்கியது. நீண்ட விடுமுறை முடிந்த காலை அது. நாள்கணக்கில் பூட்டிக்கிடந்த பழைய குழாயில் முதலில் துருத்தண்ணீர்தான் வரும். அதை ஓடவிட வேண்டும்; கழுவியபின் காய்ச்சி வடித்த நீரால் மூன்று தரம் அலசவும் வேண்டும். நானோ காதில் வானொலியைச் செருகிக்கொண்டு, வன்னியில் அகப்பட்ட தம்பியின் பெயர் எங்காவது வருமா என்று கேட்டபடி, குழாய்த் தண்ணீரோடு நிறுத்திவிட்டேன். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அவள் தன் கரித்துகள்களைச் சந்தேகிப்பாள்.

"தங்கச்சி, பிழை என்ரை. துருத்தண்ணியிலை கழுவிப்போட்டன்."

ஏசுவாள் என்று நின்றேன். அவள் கண்கள் விரிந்தன.

"ஐயோ அண்ணா! அப்ப இது வேலை செய்யுது! யாருமே போடாத இரும்பைக் கண்டுபுடிச்சிருக்கு!"

பேராசிரியர் வந்ததும் மறைக்காமல் சொன்னாள். பிறகு, இரும்பை இறுகப் பற்றிக்கொள்ளும் இன்னொரு கரைசலை எடுத்து ஒரு சொட்டு விட்டாள். இருண்ட குப்பிக்குள் நீலம் எழுந்தது. அடுத்ததில். அதற்கடுத்ததில். பன்னிரண்டிலும். பேராசிரியர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேரே குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து, "இதையும் சோதித்துப் பார்" என்று அவளிடமே நீட்டினார். ஆய்வு அவளுடையதாகவே இருந்தது.

தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஆனாலும் இருட்டாகக் கிடக்கும் எதையும் முடிந்துபோனது என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அன்று மாலை மேலங்கியை மாட்டிக்கொண்டு கேட்டேன்: "அணைஞ்சு போனது எப்பிடித் தங்கச்சி திரும்பி வந்தது?"

தம்பி கதை அவளுக்குத் தெரியாது. குப்பிகளை அடுக்கியபடியே சொன்னாள்.

"அது எங்கயும் போகலண்ணா. இரும்பு புடிச்சு வச்சிருந்துச்சு. விட்டதும் வந்துருச்சு."