அக்காவுக்கு வழிவிட்ட பொடியன்கள்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் தமிழர் கூட்டம் எதுவானாலும் என் அக்காவை மேடைக்கு அழைக்காமல் விடமாட்டார்கள். இந்த நாட்டின் பெண்கள் உதைபந்தாட்ட முதற்பிரிவில் விளையாடிய முதல் தமிழ்ப் பெண் அவள். பயிற்சிக்கும் பயிற்சிக்கும் நடுவில் மருத்துவம் படித்து, இப்போது ஆஸ்பத்திரியில் டொக்டராக இருக்கிறாள். பொன்னாடை போர்த்துகிறவர் ஒவ்வொரு முறையும் ஒலிவாங்கியில் ஒன்றைச் சொல்வார்: "பிள்ளைக்கு முதல் சந்தர்ப்பம் குடுத்ததே எங்கட விளையாட்டு விழாதான்." அக்கா சிரித்துக்கொண்டு நிற்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எட்டு வயதில் அந்த விழாவின் எல்லைக் கோட்டருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தவள் நான்.

அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. டேனிஷ் பிள்ளைகளின் கிளப்பில் விளையாடிக்கொண்டிருந்தாள். பெரியபிள்ளை ஆகிவிட்டாள், வெயிலில் கறுத்துப் போகிறாள், காலெல்லாம் தழும்பு, டொக்டருக்குப் படிக்க வேண்டியவள் என்று அம்மாவிடம் காரணங்கள் நிறைய இருந்தன. கோடை விடுமுறையோடு கிளப்பை நிறுத்துவதென்று முடிவாகிவிட்டது. அப்பா ஊரில் உதைபந்தாட்டக் கழகத்துக்கு விளையாடியவர். தொலைக்காட்சியில் மட்ச் நடந்தால் நடுவரோடு சண்டை பிடிக்கிறவர். ஆனால் அக்காவின் ஆட்டம் ஒன்றுக்கும் அவர் போனதில்லை. சனிக்கிழமைகளில் தொழிற்சாலை, அல்லது களைப்பு.

"ஒருக்கா வந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ அப்பா" என்று அக்கா கெஞ்சினாள்.

"பாப்பம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு இல்லை என்று பொருள்.

அப்பா தவறாமல் போகிற ஒரே விளையாட்டு, வருடாந்தத் தமிழர் விளையாட்டு விழா. காலை ஒன்பது மணி என்று அறிவித்து மதியம் தொடங்கும். ஒலிபெருக்கி ஓயாது. பெண் பிள்ளைகளுக்குக் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் ஓட்டம், சங்கீதக் கதிரை. உதைபந்தாட்டம் பொடியன்களுக்கு.

ரண்டர்ஸ் சிறுவர் அணிக்கு மாமா பொறுப்பு. அம்மாவின் தம்பி. ஸ்கீவ என்ற வேற்றூர்த் தமிழர் அணியோடு ஆட்டம் தொடங்கப்போகும் நேரத்தில் அவருடைய மகனுக்குத் திடீரென்று கால் நோவு வந்துவிட்டது. அந்தக் காலோடு அவன் ஐஸ்கிரீம் வண்டிக்கு ஓடியதை நான் கண்டேன்.

"ஒரு ஆள் குறையுது. இவளை இறக்குவம்" என்று மாமா அக்காவைக் காட்டினார். அக்கா ஏற்கெனவே சப்பாத்துக் கட்டி முடித்திருந்தாள்.

ஸ்கீவப் பொறுப்பாளர் பாய்ந்து வந்தார். "பெட்டையள் விளையாடலாம் எண்டு சட்டத்தில எங்க கிடக்கு?"

"விளையாடக் கூடாதெண்டு எங்க கிடக்கு? காட்டும் பாப்பம்."

அம்மா மாமாவை முறைத்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கோட்டருகே வந்து நின்றார். அக்காவுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

பந்து அவள் காலுக்கு வந்தது. பஸ்ஸில் கர்ப்பிணிக்கு இடம் விடுவதுபோல ஸ்கீவப் பொடியன்கள் விலகினார்கள். ஒருவன் கிட்டப் போனதும் வெளியே இருந்து அவன் தாய் கத்தினார்: "டேய், பொம்பிளைப் பிள்ளையடா! தள்ளி நில்!" ஒலிபெருக்கியும் சேர்ந்துகொண்டது: "தம்பிமார், அந்தப் பிள்ளையில முட்டாமல் விளையாடுங்கோ!" கோல்காப்பாளன் பாய்வதா விடுவதா என்று தன் தாயின் முகத்தைப் பார்த்தான். அதற்குள் பந்து வலைக்குள். சற்று நேரத்தில் இன்னொன்று, அதே மாதிரி.

நான் தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா கொண்டாடவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, "ஏன்டா வாறியளில்லை? வாங்கோவன்!" என்று அவர்களைப் பார்த்துக் கத்தினாள். ஒருவன் வெட்கத்தோடு புல்லைப் பார்த்தான்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவளுக்குக் கேட்கிற மாதிரியே அப்பா மாமாவிடம் சொன்னார்: "உது பெரிய காரியமே? அவங்கள் விலத்தி விட்டவங்கள்."

அக்கா போத்தலைக் கீழே போட்டாள்.

அடுத்த பாதியில் அவள் கோல் பக்கமே போகவில்லை. ஸ்கீவ அணியில் மிக உயரமான பின்வரிசைக்காரனைத் தேடிப்போனாள். அவன் காலில் பந்து இருந்த நேரம், புல்லில் சறுக்கிப் போய்ப் பந்தைப் பறித்தாள். முறையான பறிப்புத்தான். அவன் முகம் குப்புற விழுந்தான். அவனுடைய ஆட்களே சிரித்தார்கள். "பெட்டையிட்ட விழுந்திட்டான்டோய்!"

எழும்பியவனுக்குத் தாய்மாரின் சத்தமும் கேட்கவில்லை, ஒலிபெருக்கியும் கேட்கவில்லை. அடுத்த முறை அவள் பந்தோடு வந்தபோது குறுக்கே புகுந்து ஓங்கி உதைத்தான். அக்கா உருண்டாள். காலுறை கிழிந்து, முழங்காலுக்குக் கீழே இரத்தம். பெண்கள் ஐயோ என்றார்கள். அப்பா மைதானத்துக்குள் ஓடினார்.

"வெளியில போங்கோ அப்பா!" என்று அவள் தமிழை மறந்து டேனிஷில் கத்தினாள். அத்தனை சனத்துக்கு முன்னால். அப்பா கோட்டுக்குத் திரும்பிப் போனார். அவள் தானாக எழும்பி, தண்ட உதைக்குப் பந்தை வைத்தாள். இந்த முறை கோல்காப்பாளன் யாரையும் பார்க்கவில்லை. பாய்ந்து, விரல் நுனியால் தட்டி வெளியேற்றினான். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் கத்துவதுபோலக் கத்தினார்.

அதன்பிறகு ஸ்கீவப் பொடியன்கள் ஒருவரும் விலகவில்லை. மூன்று கோல் போட்டார்கள். நாங்கள் தோற்றோம்.

விசில் ஊதியதும் அக்கா நொண்டிக்கொண்டு போய், அவளை உதைத்த அந்த நெட்டையனுக்குக் கை கொடுத்தாள். ஏதோ சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். அவனுக்கு ஒரு அடியாவது போட வேண்டுமென்று ஓடிய என்னை மாமா சட்டையில் பிடித்து நிறுத்தினார்.

வீடு திரும்பும்போது காரில் அம்மா மாமாவை ஏசிக்கொண்டே வந்தார். அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"அடி படாமல் சொக்ஸுக்குள்ள போடுற அந்தத் தட்டு உனக்குச் சின்னனாப் போச்சு, பிள்ளை. திங்கட்கிழமை கடைக்குப் போவம். ஒரு அளவு பெரிசா எடு. கிளப்பில அடுத்த வருசமும் போடலாம்."

அம்மா ஏசுவதை நிறுத்திவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. உதைத்தவனுக்கு ஒரு ஏச்சு இல்லை. உதை வாங்கியவளுக்குப் புதுச் சாமான். தோற்ற ஆட்டத்துக்குச் சிரிப்பு. எல்லோருக்கும் விசர் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, வீடு வரும்வரை ஒருவரோடும் கதைக்காமல் வந்தேன்.