ஒற்றைக் காதுப் பரிசோதனை

போன கிழமை மகள் ஒரு சோடி காதுக்கருவி வாங்கினாள். வயர் இல்லாத சாதி. சோப்புப் பெட்டி அளவில் ஒரு டப்பா, அதைத் திறந்தால் உள்ளே இரண்டு கறுப்புக் கொட்டைகள். மலிவு விலையில் இதைவிட நல்லது இல்லையென்று யாரோ ஒருவர் வீடியோவில் அரை மணித்தியாலம் விளக்கியிருக்கிறாராம். "அப்பா, பேஸைக் கேட்டுப் பாருங்கோ, நெஞ்சுக்குள்ளை இடிக்கும்" என்று இரண்டையும் என் கையில் தந்தாள். நான் ஒன்றை இடது காதில் செருகினேன். மற்றதை, என்னை அறியாமலே, வலப்பக்கமாக நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. சுவரும் நாட்காட்டியும்தான் இருந்தன.

"ஆருக்கு நீட்டுறியள்?" என்று மனைவி குசினிக்குள்ளிருந்து கேட்டாள். அவளுக்கு இப்படியான நேரங்களில் மட்டும் கண் நல்ல கூர்மை. ஒருவருக்கும் இல்லையென்று சொல்லி அதையும் மற்றக் காதில் செருகிக்கொண்டேன். மகளிடம் நல்லாயிருக்கு என்றேன். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன்: அது என் பழைய தொழில்பழக்கம்.

நானும் ஒரு காலத்தில் மலிவுக் காதுக்கருவிகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்கிய பெரிய மனிதன்தான். வீடியோ இல்லை, மேசை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, கொழும்புச் சாமான்கள் யாழ்ப்பாணத்தில் வந்து குவிந்த காலம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு போன் கடை. அதில் எனக்கு முதல் வேலை. எங்களூரில் அப்போது அந்தச் சாமானுக்கு ஹான்ட்ஃப்ரீ என்று பெயர். மட்டைப்பெட்டிகளில் நூறு நூறாக வந்து இறங்கும். வெள்ளை வயர், வெள்ளைக் காது, பெட்டியைத் திறந்தால் தலையை இடிக்கிற பிளாஸ்ரிக் மணம். நாலில் ஒன்று பேசாது. அதனால் கொளுவியில் தொங்கவிட முன்னர் ஒவ்வொன்றையும் போனில் குத்திக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

முதலாளி புத்தூர்க்காரர். அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். வெங்காயத் தோட்டத்திலிருந்து நேராகப் போன் கடைக்கு வந்த மனிதர். ஹான்ட்ஃப்ரீயையும் அவர் வெங்காயம் தெரிந்தெடுப்பதுபோலத்தான் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார். வேலை கேட்டுப் போன அன்று, நாங்கள் உடுப்பிட்டிப் பக்கம், மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம், வேதக்கோயிலில் நாலு குரலில் பாடுகிற ஆட்கள் என்று நான் அளந்துவிட்டேன். நாலு குரலில் பாடியது அப்பாவும் மற்ற மூன்று குரல்காரரும். நான் வாயசைக்கிற ரகம். அண்ணை அதை விசாரிக்கவில்லை. "அப்ப உமக்குக் காது நல்லம்" என்று பரிசோதனைப் பகுதியை என் தலையில் கட்டிவிட்டார்.

அதே பகுதியில் எனக்கு ஒரு மாதம் முன்னதாகச் சேர்ந்திருந்தவள் ஜசிந்தா. குருநகர்ப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். வேலையைக் கெதியாக முடிக்க அண்ணை ஒரு வழி கண்டுபிடித்தார். "ஒரு வயரிலை ரெண்டு காது கிடக்கு, நீங்களும் ரெண்டு பேர், பிறகென்ன?" என்றார். ஆக, இடக்காது எனக்கு, வலக்காது அவளுக்கு. ஒரே ஆள் இரண்டு காதிலும் மாட்டினால் அதே நேரம்தானே செல்லும், இரண்டு பேர் இரண்டு வயரைப் பிடித்தால் பாதி நேரத்தில் முடியுமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கணக்கு முதல் நாளே விளங்கியது. ஆனால் அந்த வயரின் நீளத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

விற்கப்போகிற சாமானைக் காதில் வைப்பதால் ஒவ்வொன்றையும் பஞ்சில் ஓடிக்கொலோன் தொட்டுத் துடைப்பாள். அந்த வாசமும் பிளாஸ்ரிக் வாசமும் சேர்ந்து வருகிற ஒரு வாசம் இருக்கிறதே, அது அடித்தால் இன்றைக்கும் எனக்குக் கழுத்து வலப்பக்கம் சாயும்.

பரிசோதனைக்கு ஒரு பாட்டு வேண்டும். நான் எங்கள் கோயில் பாட்டை ஒரு மெமரி கார்ட்டில் கொண்டுபோனேன். அவள் சிரித்தாள். "உங்கடை ஆக்கள் புத்தகத்துக்குக் கேக்கப் படிப்பினம், நாங்கள் கடலுக்குக் கேக்கப் படிப்பம்" என்று சொல்லி வயரைத் தன் போனில் குத்தினாள். அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழாம், இருபது இருபத்தைந்து பெண்பிள்ளைகள். ஓகன் வாத்தியத்துக்கு மேலே போனை வைத்துப் பதிந்தது. அவள் பின்வரிசையில் நின்று கீழ்க்குரலில் பாடுகிறவள். அவளுடைய பரிசோதனை மிக எளிது. ஒவ்வொரு ஹான்ட்ஃப்ரீக்கும் ஒரே கேள்வி: "என்ரை குரல் கேக்குதோ?"

"ஓம், நல்லாக் கேக்குது" என்பேன். எனக்குக் கேட்டது ஒரு இரைச்சலும், மேலே சில கீச்சுக் குரல்களும், நடுவில் ஓகனும்தான். அதற்குள் ஜசிந்தா எங்கே நின்றாள் என்று எனக்கும் தெரியாது, அந்த ஹான்ட்ஃப்ரீ செய்தவனுக்கும் தெரியாது. ஆனால் கேட்கிறது என்று சொன்னதும் அவள் முகத்தில் ஒன்று வந்து போகும். அதற்காக நான் எந்தக் குப்பையையும் தேற்றிவிட்டேன். பேசாதவையைத் தவிர மற்ற எல்லாம் தேர்ச்சி. வல்வெட்டித்துறைப் பெரியவர் ஒருவர் வாங்கின மறுநாளே திரும்பி வந்து, போனில் மகன் தகரப்பேணிக்குள் இருந்து கதைக்கிறமாதிரி இருக்கு என்று சண்டை பிடித்தார். அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

என் புத்திக்கு எட்டாதது ஒன்று இருந்தது. அவள் ஹான்ட்ஃப்ரீயை மட்டும் பரிசோதிக்கவில்லை. பெருநாள் பூசையில் பதிலுரைப் பாடலைத் தனியே படிக்க அவளுக்கு ஆசை. பாடகர் குழாமைப் பார்க்கிற சிஸ்டர், உன்ரை குரல் எடுபடாது பிள்ளை, பின்னுக்கே நில் என்று எப்போதோ சொல்லியிருக்கிறா. இந்த முறை விரும்பினவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் கொடுக்கலாம். கொடுப்பதா விடுவதா என்று அவள் மனதுக்குள் போராடிக்கொண்டிருந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஒரு புதன்கிழமை, எல்லாம் கெட்ட பிறகு.

அன்று வேறொரு பதிவைப் போட்டாள். "இதிலை கேக்குதோ?"

புதுப் பாட்டு என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே அள்ளி வைத்தேன். "இதிலைதான் உம்மடை குரல் முன்னுக்கு நிக்குது."

அவள் தன் காதில் இருந்ததைக் கழற்றினாள். பிறகு என்னுடையதையும் வாங்கி வயரைச் சுற்றினாள். "இது பதிஞ்ச அண்டைக்கு நான் கோயிலுக்குப் போகேல்லை. காய்ச்சலிலை கிடந்தனான்."

நான் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. "நான் இவ்வளவு நாளும் ஹான்ட்ஃப்ரீயைப் பற்றியோ கேட்டனான்?" என்றாள். அப்போதுதான் சிஸ்டர் கதையும் ஞாயிற்றுக்கிழமைக் கதையும் வந்தது. வீட்டில் எல்லாரும் நல்லம் என்கிறார்கள், அது வீடு. உள்ளதைச் சொல்ல வெளியிலிருந்து ஒரு காது வேண்டியிருந்தது என்றாள். எனக்கு நிலத்துக்குள் போகலாம்போல வெட்கமாக இருந்தது.

பழைய பதிவைத் திரும்பப் போட்டாள். இந்த முறை இரண்டு காதையும் எனக்கே தந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாட்டை ஒழுங்காகக் கேட்டேன் என்று வையுங்கள். பிறகு உள்ளதைச் சொன்னேன். "உம்மடை குரல் எதெண்டு எனக்குத் தெரியேல்லை."

"அப்ப சிஸ்டர் சொன்னது சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பெயர் கொடுக்கவில்லை. பெருநாளுக்குப் பிறகு பாடகர் குழாமுக்கும் போகாமல் விட்டுவிட்டாள். கடையில் தனித்தனி வயர் பிடித்தோம். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. அண்ணை தன் நிர்வாகத் திறமையை மெச்சிக்கொண்டார்.

அவளை நேரே பாடச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? பஸ் நிலையத்துக் கடையில், வாடிக்கையாளர் நிற்க, ஒரு பிள்ளை எனக்குப் பாடிக்காட்டுவதா? அன்றைய மீன் குருநகரிலிருந்து சந்தைக்கு வருமுன்னம் இந்தக் கதை சந்தையிலிருந்து குருநகருக்குப் போயிருக்கும்.

பெருநாள் முடிந்து ஒரு பத்து நாள் இருக்கும். கனடாவிலிருந்து வந்த ஒருவர் போனைத் திருத்தத் தந்தபோது தன்னுடைய ஹான்ட்ஃப்ரீயையும் சேர்த்து விட்டுவிட்டுப் போனார். நல்ல சாமான். போன் சரியாகிவிட்டதா என்று பார்க்க எங்கள் கோயில் பாட்டைப் போட்டேன். பாட்டின் அடியிலிருந்து அப்பாவின் கட்டைக் குரல் எழும்பி வந்தது. அந்தப் பாட்டில் அப்பா இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் கடைச் சாமான் ஒன்றிலும் அவரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. எங்களுடையவை மேற்குரலை மட்டும் வைத்துக்கொண்டு கீழே நின்ற எல்லாரையும் விழுங்கியிருந்தன. குரலை வைத்து ஹான்ட்ஃப்ரீயைச் சோதித்து, அந்த ஹான்ட்ஃப்ரீயை வைத்தே குரலுக்குத் தீர்ப்பும் எழுதியிருக்கிறோம். என் பொய்தான் பிழை என்று நினைத்திருந்தேன். உண்மையும் பிழையாய்ப் போய்விட்டது.

கையோடு அவளிடம் ஓடினேன். இதிலை போட்டுக் கேட்பம், இது வேறை சாமான் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கேக்குதெண்டும் நீர்தான் சொன்னீர், தெரியேல்லை எண்டும் நீர்தான் சொன்னீர். இனி நான் எதை நம்பிறது?" என்றாள். பிறகு, கொஞ்சம் இரக்கப்பட்டவள்போல, "அந்தப் பாட்டெல்லாம் அழிச்சுப்போட்டன். போனிலை இடமில்லை" என்றாள்.

அடுத்த வருடம் கலியாணம் முடித்து மன்னாருக்குப் போனாள். கடை இருந்த இடத்தில் இப்போது பழச்சாறு விற்கிறார்கள். வயர் வைத்த சாமானைக் கேட்டால் கடைக்காரர்கள் என் நரைத்த தலையைப் பார்க்கிறார்கள். பஸ்ஸில் ஒரு வயரைப் பங்குபோட்டுத் தலை சாய்ந்து போகிற சோடிகளும் இல்லை. ஆளுக்கொரு டப்பா, இரண்டு காதும் அவரவருக்கே.

மகள் வாங்கின இந்த மலிவுச் சாமானில் பாடுகிறவர்கள் சொல்லுக்கு முதல் மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறது. அவள் நித்திரையானதும் எடுத்து வைத்து ஏதேதோ கோயில் பாட்டுகளைக் கேட்டேன். ஒவ்வொன்றிலும் பின்வரிசைக் கீழ்க்குரல்கள் தனித்தனியே வந்தன. எனக்கு வேண்டிய பாட்டு மட்டும் உலகத்தில் எங்கும் இல்லை. ஜசிந்தா பாடினால் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்லாகத்தான் பாடியிருப்பாள் என்று வாய் உன்னுகிறது. சொல்லமாட்டேன்.